புஷ்பம் பிணக்கு

பாலராமபுரம் சந்தையில் மீன் வாங்கப் போகிறவர்கள் புஷ்பம் அக்காவைத் தேட வேண்டியதில்லை. அவளுடைய குரலே வந்து கூட்டிக்கொண்டு போகும். "செவுளத் தூக்கிப் பாரும்மா, உன் உதட்டுச் சாயத்தைவிடச் செவப்பா இருக்கும்!" என்று அவள் கூவினால் சாயம் பூசாதவள்கூட ஒருமுறை உதட்டைத் துடைத்துக்கொள்வாள். மற்ற மீன்காரிகள் சாளையும் நெத்திலியும் விற்றுக்கொண்டிருக்க, அக்காவின் கூடையில் கலவா இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு கைக்குழந்தை கனம். அதற்கென்றே காரில் வருகிறவர்கள் உண்டு.

நான் ரைமண்ட். அக்காவின் வீட்டுக்காரர் ஜெலஸ்டின் அண்ணனின் வள்ளத்தில் வேலை செய்கிறேன். நங்கூரம் போடுவதும் இழுப்பதும் என் பாடு. அந்த வீட்டில் நான் மீனைவிட அதிகமாகத் தின்றது அக்காவிடம் வாங்கிய ஏச்சைத்தான், அதனால் அவளைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இருக்கிறது.

பூவாறில் பிறந்து எங்கள் கொச்சுத்துறைக்கு வாழ வந்தவள். கல்யாணத்தன்று பந்தியில் இறைச்சி குறைகிறது என்று யாரோ முணுமுணுத்தது அவள் காதில் விழுந்திருக்கிறது. மணப்பெண் கோலத்தோடேயே சமையல் கொட்டகைக்குள் போய், அண்டாவுக்குப் பின்னால் சமையல்காரர் ஒளித்துவைத்திருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து பந்தியில் வைத்தாள். இன்னொரு நாள், மீன்கூடை நாறுகிறது என்று ஒரு கண்டக்டர் அவளைப் பஸ்ஸில் ஏற்ற மறுத்தார். அக்கா பஸ்ஸுக்கு முன்னால் நின்றுகொண்டு, "நேத்து ராத்திரி உம்ம சோத்துக்கு என்ன கறிவே?" என்று கேட்டாள். அந்த மனுசன் வாய் தவறி "சாளை" என்று சொல்லிவிட்டார். பஸ் முழுக்கச் சிரித்தது. அதற்குப் பிறகு அவரே கூடைக்கு ஒரு கை கொடுத்து ஏற்றிவிடுவார்.

ஜெலஸ்டின் அண்ணன் வேறு மாதிரி. கரையில் அவரைப் போல் சாது கிடையாது. கடலில் இறங்கிவிட்டால் அவரைப் போல் பொய்யன் கிடையாது. அதில் தப்பு சொல்ல முடியாது, எங்கள் துறையில் எல்லோரும் அப்படித்தான். கடலுக்கு அடியில் ஒரு பாறையைக் கண்டுபிடித்தவன் அதைக் கூடப்பிறந்தவனுக்கும் சொல்ல மாட்டான். பாறை இருந்தால் அங்கே மீன் இருக்கும், தெரிந்தால் ஊரே வந்து இறங்கும். தூரத்தில் வேறு வள்ளம் தெரிந்ததும் அண்ணன், "லே ரைமண்டே, சாய்டே!" என்பார். நான் உடனே வாந்தி எடுக்கிறவன் மாதிரி விளிம்பில் தொங்க வேண்டும். அவர் என்ஜினைத் திறந்து வைத்து ஸ்பேனரால் டங்கு டங்கென்று தட்டுவார். சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூட இந்தப் பொய்களை யாரும் சொல்வதில்லை. பங்குச் சாமியாரும் கேட்பதில்லை.

அக்காவின் அண்ணன் வின்சென்ட்டும் எங்கள் துறைக்கே குடிவந்துவிட்டவர், அவருக்கும் சொந்த வள்ளம் உண்டு. நாங்கள் விடியற்காலையில் போய் மத்தியானம் கரையேறுவோம், அவர் மத்தியானம்தான் இறங்குவார். இரண்டு பேரும் கரையில் எதிரெதிரே வந்தால் இப்படித்தான் பேச்சு நடக்கும்.

"மச்சான், எங்கனயாக்கும் போனிய?"

"மேக்க. நீங்க எங்கன போறிய?"

"நான் கெழக்கயாக்கும்."

கிழக்கே போனால் தென்னந்தோப்புதான் வரும். இரண்டு பேரும் பெரிய மனுசத்தனமாகத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். இரண்டு பேருடைய மீனையும் விற்பது அக்காதான்.

எங்கள் கலவா கிடைக்கிற பாறைக்கு ஒரு கதை உண்டு. மூத்த மகள் கோவிலில் முதல் நற்கருணை வாங்குகிற நாளுக்குத் தைக்கக் கொடுத்த வெள்ளைச் சட்டையை வாங்கிவர அண்ணன் மறந்துவிட்டார். அன்று அக்கா கட்டுச்சோறும் கொடுக்கவில்லை, மூஞ்சியும் கொடுக்கவில்லை. அண்ணன் வயிற்றுப் பசியும் கோபமுமாக, போக வேண்டிய திசையை விட்டுவிட்டு எங்கேயோ ஓட்டினார். ஓரிடத்தில் நிறுத்தி, "இங்கன கெடந்து சாவுதேன்" என்று தூண்டிலை எறிந்தார். அடியில் பாறை. அன்று கலவாவை வைக்க இடமில்லாமல் என் மடியில் ஒன்றை வைத்துக்கொண்டு வந்தேன். அண்ணன் அந்தப் பாறைக்கு 'புஷ்பம் பிணக்கு' என்று பெயர் வைத்தார். வள்ளத்தில் ஒட்டியிருந்த அந்தோணியார் படத்தைத் தொட்டு, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். அக்காவிடம், விழிஞ்ஞம் பக்கம் கிடைத்தது என்று சொன்னார். அந்த வீட்டின் கூரை, பிள்ளைகளின் படிப்பு, என் கல்யாணம் எல்லாம் அந்தப் பாறை போட்ட சோறு. அது போனால் நாங்கள் போனோம்.

இப்படிப்பட்ட மனுசன் எப்படி ஏமாந்தார் என்றுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒருநாள் பள்ளிக்கூடத்து முற்றத்தில் நீலக் குடை போட்டு நீலச் சட்டைக்காரர்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். 'கடல்தோழன்' என்று ஒரு ஆப். காற்று எத்தனை வேகம், அலை எத்தனை உயரம், எல்லாம் காட்டும். கடலில் நிற்கிற இடத்தை ஒரு தட்டுத் தட்டிக் குறித்துக்கொள்ளலாம், பெயர் வைக்கலாம், பிடித்த மீனைப் படமெடுத்துச் சேர்க்கலாம், மறுநாள் அதே இடத்துக்கு அதுவே கூட்டிக்கொண்டு போகும். எல்லாம் இலவசம். கூடவே ஒரு நீலத் தொப்பியும்.

அண்ணன் தொப்பியோடு வீட்டுக்கு வந்தார். அக்கா மீன் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"ஓசியில எதுக்குவே குடுக்கான்?"

"சேவை புள்ள. கடல்காரனுக்குச் சேவை."

"நான் சந்தையில கொசுறா ரெண்டு சாளை போடுதேனே, அது சேவையா? நாளைக்கும் எங்கிட்டயே வரட்டும்னுதானே போடுதேன். இவன் உம்மகிட்ட எதுக்கு வரணும்? உம்மகிட்ட அவனுக்கு என்ன வேணும்?"

"ஒனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்று அண்ணன் தொப்பியைச் சரி செய்துகொண்டார். தொப்பி அவருக்கு நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

கடலில் போனைக் கையில் வைத்துக்கொண்டு அவர் காட்டிய கூத்து இருக்கிறதே! பாறைகளை ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிச் சேர்த்தார். எங்கள் பிணக்குப் பாறைக்கு வந்தபோது சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, 'புஷ்பம் பிணக்கு' என்று எழுத்துக்கூட்டி எழுதினார். கீழே, 'கலவா, ரொம்ப' என்று சேர்த்தார். கூடப்பிறந்தவனுக்குப் பொய், கட்டினவளுக்குப் பொய், சாமியாருக்குப் பொய், போனுக்கு மட்டும் முழு உண்மை. "அண்ணே, இதையும் எழுதணுமா?" என்று கேட்டேன். "இது என் போனுடே. என் சட்டைப் பையில கெடக்கு. இது போய் யார்கிட்ட சொல்லப் போவுது?" என்றார்.

அடுத்த கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் நாங்கள் பிணக்குப் பாறைக்குப் போனபோது, அங்கே ஏற்கனவே ஒரு வெள்ளைப் படகு நங்கூரம் போட்டிருந்தது. கோவளம் பக்கத்து ரிசார்ட்டின் படகு. கொச்சியிலிருந்து வந்த பையன்கள், மூக்கில் வெள்ளைக் களிம்பு, கையில் பளபளக்கிற தூண்டில். ஒருவன் எங்கள் கலவாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்க, இன்னொருவன் படமெடுத்தான். அண்ணன் வழக்கம்போல் ஸ்பேனரைத் தேடினார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை.

"இங்க மீனெல்லாம் கெடையாது மக்களே!" என்று கத்தினார்.

"என்ன சேட்டா இப்படிச் சொல்றீங்க? செம இடம்!" அந்தப் பையன் வெள்ளந்தியாகத் தன் போனை நீட்டிக் காட்டினான். "காசு கட்டினா நல்ல நல்ல இடமா காட்டும். இதோ பாருங்க, புஷ்பம் பிணக்கு. கலவா, ரொம்ப. சூப்பர் பேரு, இல்ல?"

அண்ணன் வள்ளத்துக்குள் உட்கார்ந்துவிட்டார். நான்தான் என்ஜினைக் கிளப்பித் திருப்பினேன்.

அதற்குப் பிறகு சனியும் ஞாயிறும் அந்தப் பாறைமேல் திருவிழாதான். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கோவிலில் இருக்கும்போது அவர்கள் பாறையில் இருப்பார்கள். கலவா அவசரப்பட்டு வளர்கிற மீன் இல்லை. பெரியதெல்லாம் போனது, பிறகு நடுத்தரம் போனது, பிறகு எங்கள் தூண்டில் வெறுமனே மேலே வந்தது. அண்ணன் அக்காவிடம், "தண்ணி சரியில்ல" என்றார். அக்கா ஏலத்தில் எடுத்த சாளையை விற்கத் தொடங்கினாள். கார்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். குரல் மட்டும் குறையவில்லை. ஆனால் சந்தையிலிருந்து வரும்போது அவள் பஸ்ஸில் தூங்கிவிடுவதாகக் கண்டக்டர் என்னிடம் சொன்னார்.

உண்மை வெளியே வந்தது பொன்னப்பன் மூலமாக. பொன்னப்பன் அந்த ரிசார்ட்டின் சமையல்காரன், வாராவாரம் அக்காவிடம்தான் கலவா வாங்குவான். சில வாரம் கழித்து எறால் வாங்கச் சந்தைக்கு வந்தவன், "கலவா வேண்டாம் சேச்சி. இப்ப விருந்தாளிங்களே பிடிச்சுட்டு வர்றாங்க. புஷ்பம் பிணக்குன்னு ஒரு இடமாம். ஒங்க பேரு!" என்று சிரித்தான்.

அன்று அக்கா பாதிக் கூடையோடு வீட்டுக்கு வந்தாள். நானும் அண்ணனும் முற்றத்தில் தூண்டில் முடிந்துகொண்டிருந்தோம். கூடை இறங்கிய சத்தத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போகப் பார்த்தேன். "நீ இருடே. ஒனக்கும் இருக்கு" என்றாள்.

"ஓய். யாரு பிணங்கினா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அந்தோணியாரை நினைத்துக்கொண்டேன்.

"என் பேர கடல்ல போட்டது போதாதுன்னு, பின்னால ஒரு பிணக்கையும் சேத்து, கண்டவன் போனுலயெல்லாம் போட்டிருக்கீரு! கொச்சிக்காரன் என் தலைமேல நங்கூரம் போட்டு மீன் பிடிக்கான்! எனக்கு விழிஞ்ஞம்னு சொன்னீரு. கட்டினவளுக்கு விழிஞ்ஞம், தொப்பி குடுத்தவனுக்கு உண்மையா?"

"நான் எவனுக்கும் குடுக்கல புள்ள. போன்லதான் வச்சேன். சத்தியமா."

மனுசன் அழுதுவிட்டார். அக்கா கூடையை ஓரமாகத் தள்ளினாள். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து, "போனைத் தாரும்" என்றாள். கடல்தோழனின் உதவி எண்ணைக் கண்டுபிடித்து, ஸ்பீக்கரில் போட்டாள். பேசிய பெண்ணிடம் புஷ்பம் பிணக்கை எடுத்துவிடச் சொன்னாள்.

"மேடம், அந்தப் பாயிண்ட்டை சார் போன வாரமே அழிச்சிருக்காரு. இனி உங்க ஆப்ல அது தெரியாது."

"எங்களுக்குத் தெரியாது, ஊருக்குத் தெரியும். அப்படியா?"

"மற்ற பயனாளிகளுக்குச் சேவையை மேம்படுத்த நீங்க சம்மதம் குடுத்திருக்கீங்க மேடம். முதல்ல ஆப்பைத் திறக்கும்போது, கீழே சம்மதம்னு இருக்கும், அதைத் தட்டியிருக்காரு."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். "கோவில்ல சாமியாரு சம்மதமான்னு கேட்டப்பம் எச்சில முழுங்கி முழுங்கிச் சொன்ன மனுசன்டே. இவளுக்கு ஒத்தத் தட்டுல குடுத்திருக்காரு!" பிறகு போனைப் பார்த்து, "செரி மக்களே. எங்க மத்த எடங்களையாவது எழுதி அனுப்பு. நாங்க வெளிய போறோம்" என்றாள்.

"மொத்தமா நகல் எடுக்கணும்னா கேப்டன் திட்டத்துல சேரணும் மேடம். மாசாமாசம் கட்டணும்."

"எங்க வீட்டுச் சாமான எங்களுக்கே வாடகைக்கு விடுதியா?"

பிறகு அந்தப் பெண் மெதுவாக, "நானும் இங்க சம்பளத்துக்கு இருக்கேன் மேடம்" என்றாள். அக்காவின் குரல் இறங்கிவிட்டது. "அது செரிதான். சாப்பிட்டியா மக்களே?" என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

மறுநாள் அவள் துறையில் ஒவ்வொரு வள்ளக்காரனின் போனையும் கேட்டாள். எல்லோரிடமும் நீலத் தொப்பி இருந்தது. எல்லோரும் பாறைகளைத் தட்டியிருந்தார்கள்.

சாமியாருக்குத் தெரிந்த ஒரு பெண் திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தாள், பெயர் ஷெர்லி. ஓய்வு நேரத்தில் தன்னைப் போன்ற சிலரோடு சேர்ந்து மென்பொருள் எழுதி, எழுதிய விதத்தையும் சேர்த்து ஊருக்கே திறந்துவைக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தோம். கடல் வரைபடம் காட்டுகிற ஆப் ஒன்றை அவள் கொண்டுவந்திருந்தாள்.

அக்கா முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தாள். "நீயும் ஓசிதான். ஒனக்கு இதுல என்ன லாபம்?"

ஷெர்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கேக்க வேண்டிய கேள்விதான் சேச்சி. நீங்க பயன்படுத்தி, இங்க இங்க ஓட்டைன்னு சொன்னா எங்க ஆப்பு நல்லா வரும், அது எங்க லாபம். ஆனா உள்ள என்ன நடக்குதுன்னு நான் ஒளிக்கல. நம்பாட்டி வேற ஆளை வச்சுத் திறந்து பாருங்க. புடிக்கலைன்னா மாத்திக்கிடுங்க. நீங்க குறிக்கிற எடம் உங்க போனை விட்டு வெளிய போகாது. எப்ப வேணும்னாலும் நகல் எடுத்துக்கிட்டு நீங்க போயிரலாம்."

"வள்ளம் செஞ்சு குடுக்குத ஆசாரி மாதிரி. வித்தப்பொறவு நீ எங்க கூடக் கடலுக்கு வரமாட்டே."

"வரவே மாட்டேன். எனக்குக் கடல் ஒத்துக்காது."

எல்லோருக்கும் அவளைப் பிடித்துப்போனது. அந்த உற்சாகத்தில் அவள் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிட்டாள். "நீங்க விரும்பினா இன்னொண்ணும் செய்யலாம். எல்லாரும் அவங்கவங்க எடத்தைப் போட்டு, துறைக்கே பொதுவா ஒரு வரைபடம்..."

யாரோ இருமினார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து சிரிப்பு கிளம்பி மண்டபமே குலுங்கியது. பாவம், ஷெர்லிக்கு ஒன்றும் புரியவில்லை.

அக்கா எழுந்து அவள் தோளில் கை போட்டாள். "மக்களே, வள்ளம் எப்படிச் செய்யணும்னு எல்லாரும் எல்லாருக்கும் சொல்லிக் குடுப்போம். எங்கன போய்ப் புடிச்சேன்னு பெத்த தகப்பனுக்கும் சொல்ல மாட்டானுவ. நீ அந்த மொத வித்தையை மட்டும் குடு."

அடுத்து பழைய ஆப்பிலிருந்து இடங்களை மீட்க வேண்டும். நகல் எடுக்க விடாததால் ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துப் புதியதில் தட்ட வேண்டியிருந்தது. பக்கத்தில் இருக்கிறவன் பார்த்துவிட்டால்? எல்லோரும் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டைத் தலைமேல் போட்டுக்கொண்டு உள்ளே குனிந்தார்கள். மண்டபம் நிறைய துவர்த்துகள், உள்ளே முணுமுணுப்பு. எட்டிப் பார்த்த சாமியார், யாருக்காக இத்தனை உருக்கமாகச் செபிக்கிறார்கள் என்று கேட்டார்.

முடிந்ததும் வின்சென்ட் அண்ணன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "இனி பழச அழிச்சிருவோம்" என்றார்.

"அழிக்காதீங்க!" என்றாள் அக்கா. "அழிச்சா உங்களுக்குத்தான் அழியும். அவன்கிட்ட அப்படியே கெடக்கும். ஊருக்கெல்லாம் பொய் சொல்லிட்டு அந்தக் கழுதைக்கு மட்டும் உண்மையைச் சொன்னியள்ல? மிச்சம் இருக்குத பொய்யையும் அதுக்கே சொல்லுங்க. எவன் காசு கட்டினாலும் எது பாறை எது சேறுன்னு தெரியாம நிக்கட்டும்."

சாமியார் காதைப் பொத்திக்கொண்டார். "நான் இங்க வரவே இல்ல" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

ஷெர்லி யோசித்துவிட்டு, தன் வேலை படம் காட்டுவது மட்டும் என்றாள். ஜெலஸ்டின் அண்ணன் போனிலிருந்த பழைய ஆப்பின் வரைபடத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டினாள். கரையில் இருந்தபடியே விரலால் புள்ளி வைக்கலாம். அக்கா ஒரு சட்டம் போட்டாள்: "ஆள் முங்குத எடம், சுழி உள்ள எடம் வேண்டாம். வெறும் சேறா வைங்க. அந்தப் பயலுவளும் ஒரு தாய் பெத்த பிள்ளைதான்." அப்புறம் பார்க்க வேண்டுமே எங்கள் ஆட்களை! 'தங்கக் கலவா', 'மாதா கடாட்சம்', 'மாமியார் பெட்டகம்' என்று பெயர்கள் கொட்டின. பழைய மீன் படங்களையெல்லாம் தேடித் தேடிச் சேர்த்தார்கள். அத்தனை வருடமும் அரைகுறையாகச் சொன்ன பொய்யை அன்றைக்குத்தான் வாயாரச் சொன்னார்கள்.

அதில்தான் மாட்டிக்கொண்டார்கள். யாரோ ஓரிடத்தைக் காட்டி, "இங்கன ஒண்ணு போடுவோமா?" என்றதும், எங்கள் துறையிலேயே வாய் திறக்காத கிளீட்டஸ் எழுந்து, "அங்கன வேண்டாம்!" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள், பிறகு கிளீட்டஸைப் பார்த்தார்கள், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் மூச்சு விடவில்லை. புள்ளி எங்கே போனாலும் கல் மாதிரி உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஷெர்லி வெள்ளைப் படகுக்காரர்கள் வழக்கமாகச் சுற்றுகிற பக்கத்துக்குப் படத்தை நகர்த்தினாள். நீலமாக வெறுமனே கிடந்த ஓரிடத்தில் விரலை வைத்தாள். "இங்க ஒண்ணுமே காணோமே. இங்க ஒரு புள்ளி?"

"அங்கன வேண்டாம்!"

இரண்டு குரல். ஒன்று ஜெலஸ்டின் அண்ணன், மற்றொன்று வின்சென்ட் அண்ணன். இரண்டு பேரும் எழுந்து நின்றிருந்தார்கள்.

மச்சான்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஒரே பாறை. காலையில் நாங்கள், சாயங்காலம் அவர். வின்சென்ட் அண்ணன் அதற்கு வைத்திருந்த பெயரைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்: 'மச்சான் காணாப் பாறை'.

"நீரு கெழக்கன்னுதானே சொன்னீரு?" என்றார் ஜெலஸ்டின் அண்ணன்.

"நீரு மேக்கன்னு சொல்லலியா?" என்றார் அவர்.

இரண்டு பேருக்கும் முகம் சிவந்து, கை மடங்கத் தொடங்கியது. அப்போதுதான் அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள்.

"ஒனக்குத் தெரியுமா?" என்றார் வின்சென்ட் அண்ணன்.

"அந்தப் பாறைக் கலவா வயித்தத் தொறந்தா செவப்பு நண்டுக்குஞ்சு கெடக்கும். வேற எடத்துக் கலவாவுல அது கெடையாது. காலையில இவரு மீனுலயும் அதுதான், சாயங்காலம் ஒம்ம மீனுலயும் அதுதான். ஒரே கத்தியில ரெண்டையும் அறுக்குதவ நான். எனக்குத் தெரியாதா?"

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார் ஜெலஸ்டின் அண்ணன்.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பு நின்றிருந்தது. "சொன்னா ரெண்டு பேரும் அடிச்சிக்கிடுவீங்க. உம்ம ரகசியமும் எங்கிட்டதான் இருந்துச்சு, எங்க அண்ணன் ரகசியமும் எங்கிட்டதான் இருந்துச்சு. எத்தன வருசம்! நான் மீனத்தான் வித்தேன். எடத்த வித்தேனா?"

ஜெலஸ்டின் அண்ணன் தலையில் இருந்த நீலத் தொப்பியைக் கழற்றி, என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வின்சென்ட் அண்ணன் மெதுவாக, "அந்தப் பாறையச் சுத்தி நாலஞ்சு சேத்துல புள்ளி வையி மக்களே, பாறைய மட்டும் விட்டுரு" என்று ஷெர்லியிடம் சொன்னார்.

அந்த வருட ஆனி மழைக்கு முன்னால் வெள்ளைப் படகுகள் கடல் முழுக்கச் சேற்றைத் தேடி அலைந்தன. 'மாதா கடாட்சத்தில்' அவர்களுக்குக் கெளுத்திதான் கிடைத்தது. மூக்கில் களிம்பு போட்ட பையன் எங்களைப் பார்த்து, "சேட்டா, மீனெல்லாம் எங்க போச்சு?" என்று கத்தினான். அண்ணன், "இங்கனதான் மக்களே, பொறுமையா இரு!" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். ஒரு வாரம் கழித்து அண்ணன் போனுக்குச் செய்தி வந்தது, இந்த மாதத்தின் தலைசிறந்த கடல்தோழர் அவர்தானாம். மழை முடிந்த பிறகு படகுகள் வரவில்லை.

மச்சான்கள் இரண்டு பேரும் அந்த வருடம் முழுக்கப் பாறைமேல் தூண்டில் போடுவதில்லை என்று பேசி வைத்தார்கள். சொன்னபடி இருந்தார்களா என்று அக்கா தினமும் அவர்கள் கொண்டுவந்த மீனின் வயிற்றைத் திறந்து பார்த்தாள். இருந்தார்கள்.

மறுவருடக் கார்த்திகையில்தான் கலவா மறுபடி கூடையில் வந்தது. பெரியதில்லை, ஆனால் கலவா. நான்தான் கூடையைச் சந்தையில் இறக்கினேன். பொன்னப்பன் மற்ற மீன்காரிகளைத் தாண்டிக்கொண்டு நேராக வந்தான். விருந்தாளிகள் ஒன்றும் பிடித்துவரவில்லை, முதலாளி கலவா கேட்கிறார் என்றான். ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"சேச்சி, இது எந்த இடத்து மீனு? சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான்."

அக்கா தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கடலு."

"கடல்ல எங்க?"

"ஒனக்கு மீனு வேணுமா, எடம் வேணுமா?"

பொன்னப்பன் கையில் இருந்த கலவாவைத் தராசில் வைத்தான். பிறகு பையை விரித்து நீட்டினான்.